பின்னந்தலையில் மிச்சமிருந்தது

நைனா எனக்குக் கொடுத்த ஒரே பரம்பரைச் சொத்து வழுக்கை. அதையும் தன் காலம் முடியட்டும் என்று காத்திருக்காமல், என் இருபத்துநாலாவது வயதிலேயே என் பெயருக்கு மாற்றிவிட்டார். மற்ற வீடுகளில் இதற்கெல்லாம் அண்ணன் தம்பிக்குள் வெட்டுக்குத்து நடக்கும். நான் ஒரே பிள்ளை. பங்கு கேட்க ஆளில்லாமல் முழுவதும் எனக்கே வந்து சேர்ந்தது.

அப்போது தண்டையார்பேட்டையில், டோல்கேட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். நைனா துறைமுகத்தில் வின்ச் ஓட்டியவர். கப்பலிலிருந்து சரக்கைத் தூக்கி இறக்கும் எந்திரத்தில் முப்பது வருஷம் உட்கார்ந்து, ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்திருந்தார். நான் மணலியில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் ஆபரேட்டர். என் முடி கொட்ட ஆரம்பித்ததும் தெருவே கூடிக் காரணம் கண்டுபிடித்தது. போர் தண்ணி என்றது ஒரு கட்சி. குழாயைத் திறந்தால் டீ நிறத்தில் வரும் தண்ணீர் என்பதால் அதற்கு ஆதரவு அதிகம். மணலிக் காற்று என்றது இன்னொரு கட்சி. கம்பெனி ஹெல்மெட் என்றார்கள் என்னோடு ஷிப்டுக்கு வருகிறவர்கள், தங்கள் தலையிலும் அதே ஹெல்மெட்டும் அதற்குக் கீழே அடர்ந்த முடியும் இருப்பதைப் பற்றிக் கவலைப்படாமல். நைனாவின் தலையை மட்டும் யாரும் சொல்லவில்லை. அது எந்நேரமும் பச்சைக்கட்டம் போட்ட துண்டுக்குள் சுற்றிக் கிடந்தது. வேலையில் வெயிலுக்குக் கட்டிப் பழகிய துண்டை வீட்டில் மின்விசிறிக்குக் கீழேயும் அவர் அவிழ்க்கவில்லை.

அம்மா தன் பங்குக்குச் சின்ன வெங்காயச் சாறு தேய்த்தாள். மூன்று மாதம் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. ஜன்னலோரம் தாராளமாகக் காலை நீட்டிக்கொண்டு போனேன், அதுதான் வெங்காயத்தால் எனக்குக் கிடைத்த ஒரே பலன். பிறகு காலையில் கேபிள் டிவியில் அரைமணி நேரம் சாட்சி சொல்லி விற்கும் எண்ணெய் வந்தது. அதுவும் முடிந்தபின் அம்மா கடைசி ஆயுதத்தை எடுத்தாள். என் தலையில் பழையபடி முடி வளர்ந்துவிட்டால், என்னைத் திருத்தணிக்குக் கூட்டிப்போய் மொட்டை போடுவதாக முருகனிடம் வேண்டிக்கொண்டாள். கஷ்டப்பட்டு வரவைப்பதே எடுத்துக் கொடுக்கத்தான் என்றால் முருகனும் எதற்கு மெனக்கெடுவார். அவர் கண்டுகொள்ளவில்லை.

முப்பத்தோரு வயதில் நிலைமை இது: முன்னால் நெற்றி எங்கே முடிகிறது என்று எனக்கே சந்தேகம். உச்சியில் ஒரு வட்டம். இரண்டுக்கும் நடுவில் பஞ்சத்தில் அடிபட்ட மாதிரி நாலைந்து கொத்து. பெண் பார்க்கும் வீடுகளுக்கு அம்மா அனுப்பிக்கொண்டிருந்த போட்டோவோ எனக்கு இருபத்துமூன்று வயதில் வண்ணாரப்பேட்டை ஸ்டூடியோவில் எடுத்தது. அந்தப் போட்டோவில் இருப்பவனுக்கு வரன் நன்றாகவே அமைந்துகொண்டிருந்தது. இரண்டு வீட்டில் போட்டோவைப் பார்த்துச் சரி என்றார்கள், நேரில் பார்த்து ஜாதகம் சரியில்லை என்றார்கள். மூன்றாவது வீடு மாதவரத்தில். போய் உட்கார்ந்து, கேசரி வந்து, நாலு வார்த்தை பேசியும் ஆயிற்று. பெண்ணின் மாமா வாசலை எட்டிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

"மாப்பிள்ளைத் தம்பி பின்னாடி வர்றாருங்களா?"

"தோ, இவன்தாங்க புள்ள," என்றாள் அம்மா.

மாமா என்னைப் பார்த்தார். பிறகு மரியாதைக்காகச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். நான் மாப்பிள்ளையின் சித்தப்பா என்று நினைத்திருக்கிறார் மனிதர். பெண் சிரித்திருந்தால் கூடப் பரவாயில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள், எனக்காக வெட்கப்பட்டு. அந்த வீட்டிலிருந்து வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். எனக்கு அழுகை வந்தது, வெயில் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கம்பெனியில் என் தோஸ்து ஒருவன் ஒரு பேப்பர் விளம்பரத்தைக் கத்தரித்து வந்து கொடுத்தான். "மாமு, தலைக்குப் பின்னாடி கீற முடி எப்பவும் கொட்டாதாம். அத்த வேரோட எடுத்து முன்னாடி நட்டுடறான். நாத்து நடற மாதிரிதான். ஒனக்கு இன்னாடா, பின்னாடி காடு கணக்கா கீது."

காடு என்று அவன் சொன்னதை நான் நம்பினேன். யாருக்குமே தன் பின்னந்தலையைப் பற்றிச் சொந்தமாக ஓர் அபிப்பிராயம் இருக்க முடியாது, மற்றவர்கள் சொல்வதுதான். பைக் வாங்க வைத்திருந்த பணத்தை மனதுக்குள் முடியாக மாற்றிக்கொண்டு, நுங்கம்பாக்கத்தில் ஒரு டாக்டரிடம் போனேன்.

என் கெட்ட நேரம், அவர் நேர்மையான டாக்டர். நாற்காலியில் உட்காரவைத்து, பேனா மாதிரி ஒரு கேமராவைப் பின்னந்தலையில் வைத்து ஓட்டினார். எதிரே டிவியில் படம் தெரிந்தது. அங்கே தெரிந்தது காடு இல்லை. எண்ணூர் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டிய இடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைக்குமே கருவேலஞ்செடி, அந்த மாதிரி இருந்தது. வேறு யார் தலையையோ போட்டுக் காட்டுகிறார் என்று நினைத்து என் தலையை லேசாக அசைத்துப் பார்த்தேன். டிவியில் அதுவும் அசைந்தது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. டோல்கேட்டில் நான் எப்போதும் போகும் சலூனில், வெட்டி முடித்ததும் கையில் ஒரு கண்ணாடியை எடுத்துப் பின்னால் பிடித்துக் காட்டுவார்கள். எதிரே இருக்கும் பெரிய கண்ணாடியில் நம் பின்னந்தலை தெரியும், நாமும் என்னவோ புரிந்த மாதிரித் தலையாட்டுவோம். எனக்கு மட்டும் அந்த மரியாதை நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நானும் பழகிய ஆள் என்பதால் விட்டுவிட்டார் என்று நினைத்திருந்தேன். டாக்டரிடமிருந்து நேராக அங்கே போய்க் கேட்டேன்.

"நீ சந்தோசமாத்தானே எழுந்து போற, அத்த இன்னாத்துக்குக் கெடுக்கணும்னுதான்," என்றார் சலூன்காரர், சீப்பைத் துடைத்தபடியே. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். அந்த வாரம் முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே இருந்தேன்.

டாக்டர் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். பின்னந்தலையில் காதிலிருந்து காது வரை ஒரு பட்டை தோலை முடியோடு வெட்டி எடுப்பார்கள். தைத்துவிடுவார்கள், தழும்பு இருக்கும், முடி அதை மறைக்கும். எடுத்த பட்டையிலிருந்து வேர் வேராகப் பிரித்து முன்னால் நடுவார்கள். எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது. "உங்களுக்குப் பின்னாடியே கொஞ்சம்தான் இருக்கு. முன்பக்கம் வைக்கலாம், இல்ல உச்சில வைக்கலாம். ரெண்டுக்கும் பத்தாது. அதுவும் ஒரு தடவைதான். இப்ப இருக்கற மத்த முடி இன்னும் கொட்டும். பின்னாடியும் மெலிஞ்சா தழும்பு வெளிய தெரியும். அப்ப எடுத்து வைக்க ஒண்ணும் இருக்காது," என்றார். பிறகு அப்பாவின் தலை எப்படி என்று கேட்டார்.

"துண்டுக்குள்ள இருக்கு சார்," என்றேன்.

"கூட்டிட்டு வாங்க. பாத்துட்டுதான் செய்யலாமா வேணாமான்னு சொல்வேன்."

அவர் வெளிநாடு போகவிருந்ததால் தேதி இரண்டு மாதம் தள்ளிக் கிடைத்தது. வீட்டுக்கு வந்து, நைனாவையும் டாக்டர் வரச் சொன்னார் என்று சொன்னேன். நைனா டிவியிலிருந்து கண்ணை எடுத்து, "என்னியா?" என்று ஒரு தடவை கேட்டார். ஆமாம் என்றேன். "சரி" என்றார். ஏன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எங்களுக்குள் பேச்சுவார்த்தை எப்போதும் இந்த அளவில்தான் நடக்கும்.

அடுத்த இரண்டு மாதமும் என் தலை பொதுச்சொத்து ஆயிற்று. முன்னாலா, உச்சியா என்று ஆளாளுக்குத் தீர்ப்பு. "எதுத்தாப்புல வர்றவன்தான மாமு ஒன்ன பாக்கறான்? முன்னாடி வெய்யி. பின்னாடி பாக்கறவன் ஒன்ன தாண்டிப் போனவன், அவனால இன்னா ஆவப்போவுது?" என்றான் தோஸ்து. அம்மா உச்சியின் பக்கம். உச்சியில்தான் வெயில் இறங்குமாம். பக்கத்து போர்ஷன்காரர் பாதி முன்னால் பாதி உச்சி என்று சமரசத் திட்டம் கொடுத்தார். அவர் யூனியன் ஆள். இதையெல்லாம் இப்போது கிண்டலாக எழுதுகிறேன். அன்றைக்கு நான் வேறு எதையுமே நினைக்கவில்லை. செய்யாமல் விட்டால் அடுத்த வீட்டிலும் மாப்பிள்ளையின் சித்தப்பாவாகத்தான் போய் உட்கார வேண்டும். செய்து அது நிற்காவிட்டால், பின்னால் இருக்கிற கொஞ்சமும் போய், காதிலிருந்து காதுவரை தையலோடு நிற்க வேண்டும். இரண்டில் எது பெரிய அவமானம் என்று பாய்லர் பக்கத்தில் நின்று மீட்டர் பார்க்கும்போதெல்லாம் கணக்குப் போட்டேன்.

அந்த இரண்டு மாதத்தில் நைனா புதிதாக ஒரு வேலை செய்தார். முடி வெட்டிக்கொள்வதை நிறுத்திவிட்டார். மாதம் ஒருமுறை ஒட்ட வெட்டிக்கொண்டு வருகிறவர். இப்போது துண்டுக்குக் கீழே, காதுக்கு மேலேயும் பிடரியிலும் நரைமுடி வழிய ஆரம்பித்தது. ராத்திரி படுக்கும்முன் அதற்குத் தேங்காயெண்ணெய் தடவி, சின்னச் சீப்பால் படிய வாரிக்கொண்டார். மகன் முடியில்லாமல் சாகிறான், இவருக்கு இந்த வயதில் ஜடை கேட்கிறதா என்று எனக்கு எரிச்சல். "இன்னா நைனா, நாடகத்துல வேஷமா?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன். "இர்க்கட்டும்டா," என்றார் அவர், அவ்வளவுதான்.

டாக்டரைப் பார்க்கும் நாள் வந்தது. காலையில் நைனா குளித்து, கலியாணத்துக்குப் போகும் வெள்ளைச் சட்டை போட்டு, அதே பச்சைத் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். துண்டுக்கு வெளியே தெரிந்த முடி கன்னங்கரேல் என்று இருந்தது. டை அடித்திருக்கிறார். அவசரத்தில் காது மடலிலும் கொஞ்சம் அடித்திருக்கிறார். நுங்கம்பாக்கம் என்றதும் மனிதருக்கு வயசு திரும்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பாரிமுனை போய் அங்கிருந்து வேறு பஸ் மாறும் வரை, இவரோடு வந்தவன் இல்லை என்கிற மாதிரி இரண்டு சீட் தள்ளியே உட்கார்ந்தேன்.

டாக்டர் அறையில் நைனா நாற்காலி நுனியில் குந்தினார். டாக்டர் துண்டை எடுக்கச் சொன்னார். வேறு ஓர் ஆள் முன்னால் நைனா துண்டை அவிழ்த்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. துண்டின் உள்பக்கம் முழுக்கக் கறுப்புச் சாயம். தலையோ மேலே வழவழவென்று, வெயிலே படாததால் கை கால் நிறத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் வெளுத்துக் கிடந்தது. ஓரத்தில் மட்டும் கறுப்பாக ஒரு வளையம், அதுவும் பின்னால் இறங்கி இறங்கிப் பிடரிக்கு வந்திருந்தது. டாக்டர் சீப்பின் பின்பக்கத்தால் அதை விலக்கிப் பார்த்தார். பஞ்சில் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"எதுக்குப் பெரியவரே டை எல்லாம்?"

"நர கீதுல்ல சார்," என்றார் நைனா. "நரச்ச முடிய நட்டாக்கா புள்ளைக்கு அசிங்கமாப் பூடும். அதான் நேத்தே அடிச்சிட்டேன். நீங்க வரச்சொன்னீங்கன்னு சொன்னான், அன்னிலேர்ந்து கத்திரி வெக்கல சார். ரெண்டு மாசம் வளத்துக்கீறேன். எத்தினி வேணுமோ எடுத்துக்கங்க. எனக்கு இன்னாத்துக்கு, நான்தான் துண்டு கட்டிக்கறேனே."

டாக்டர் சீப்பை மேஜைமேல் வைத்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஒருவர் முடி இன்னொருவருக்கு ஒட்டாது, உடம்பு அதை வெளியே தள்ளிவிடும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நைனா பேரம் பேசுகிற மாதிரி முன்னால் சாய்ந்தார். "வெளியாளு இல்ல சார், நான் பெத்த புள்ள. ஹார்பர்ல எவன்னே தெரியாத ஒருத்தனுக்கு ரத்தம் குடுத்துக்கீறேன், அவனுக்கே ஒத்துக்கிச்சு. இவனுக்கு ஒத்துக்காதா? நல்லாப் பாருங்க, கெட்டியாத்தான் கீது." இழுத்துக் காட்டினார். கையோடு இரண்டு முடி வந்தது. அதை அவசரமாகச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஏழு வருஷமாக எனக்கு இந்த மனிதர்மேல் இருந்த ஒரே புகார் அந்தத் தலை. அதைத்தான் அவர் இரண்டு மாதம் எண்ணெய் போட்டு வளர்த்துக் கொண்டுவந்து நீட்டியிருந்தார். பஸ்ஸில் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்ததை நினைத்து எனக்கு அவமானமாக இருந்தது. மாதவரத்தில் பட்டதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

நைனாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டர் என்னிடம் சொன்னார். "பாத்தீங்க இல்ல? பின்பக்கமே அவருக்கு நிக்கல. உங்களுக்கும் அப்படிப் போக வாய்ப்பு அதிகம். நான் செய்ய மாட்டேன். மாத்திரை, மருந்து எழுதித் தரேன், இருக்கறது கொஞ்ச நாள் நிக்கும். வேற யாராவது செஞ்சு தரேன்னு சொல்வாங்க. அது உங்க இஷ்டம்." தன் தலை எனக்கு எதிரான சாட்சியாக வந்திருக்கிறது என்று நைனாவுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் துண்டை இறுக்கிக் கட்டியபடி, "இவன் ஒரு பேஜாரு டாக்டர்டா. ஒண்ணியும் தெரில. வேற ஆளப் பாக்கலாம்," என்றார். திரும்பும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தேன்.

கம்பெனியில் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டதாகச் சொன்னேன். மனிதனுக்கு முடியா முக்கியம், குணம்தான் என்று இரண்டு பேருக்குப் பிரசங்கம்கூடச் செய்தேன். ஆனால் வேறு ஆள் செய்து தருவான் என்று டாக்டர் சொன்னது மட்டும் காதிலேயே நின்றது. தேடிப் போனால் இருந்தான். முன்பக்கம், உச்சி இரண்டையுமே முடித்துத் தருவதாகச் சிரித்துக்கொண்டே சொன்னான்; என் பின்னந்தலையை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் கொடுத்த அட்டை ஒரு வருஷம் என் பர்ஸில் இருந்தது. எடுத்துப் பார்ப்பேன், வைப்பேன். நைனாவும் முடி வெட்டிக்கொள்ளவில்லை. அம்மா கலீஜா கீது என்று கத்துவாள், தெருவில் சாமியார் என்றார்கள். சாயம் போய் நரை தோளைத் தொட்டது. எனக்கு ஏன் என்று தெரியும். இருந்தும் வாய்திறக்கவில்லை.

அடுத்த வருஷம் ஒரு வரன் வந்தது. இந்த முறை போட்டோ அனுப்பவேண்டாம் என்றேன். முதலில் நானே நேரில் போய் உட்கார்ந்தேன். பெண் ராயபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தினமும் எத்தனையோ தலையைப் பார்க்கிறவள் என்பதாலோ என்னவோ, என் தலையை ஒரே ஒரு தரம் பார்த்துவிட்டு, நைட் ஷிப்ட் எத்தனை நாள் வரும் என்று கேட்டாள். நிச்சயம் ஆயிற்று.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், இந்தக் கோலத்தில் மணமேடைக்கு வந்தால், தான் வரப்போவதில்லை என்று அம்மா நைனாவிடம் சொல்லிவிட்டாள். அவரைச் சலூனுக்குக் கூட்டிப்போகும் வேலை எனக்கு வந்தது. நைனா துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். சலூன்காரர் வெள்ளைத் துணியைப் போர்த்தி, பிடரியில் வழிந்ததைச் சீப்பால் தூக்கிப் பிடித்து, கத்திரியை எடுத்தார். நைனா துணிக்கடியிலிருந்து கையை நீட்டி அவரை நிறுத்தினார். எதிர்க் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"டேய், நல்லா ரோசன பண்ணிக்கோ. இத்த வெட்டிட்டாக்கா, அப்பால நீ கேட்டாலும் இல்ல."

ஒரு வருஷத்துக்கு முன்பே எடுத்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த முடிவை நான் அங்கே நின்றுதான் எடுத்தேன். "போதும் நைனா, வெட்டட்டும்," என்றேன்.